கோட்டில் விழுந்த ஆறு ஓட்டைகள்

தோட்டா சோதிக்கும் தொழிலில் குண்டு விழுவது ஜெல்லி மேல், திட்டு விழுவது நம் மேல். மேலதிகாரியின் புருவத்தையே பார்த்துக்கொண்டு மூன்று மாதத் தகுதிகாண் காலத்தை ஓட்டியவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும். எழுபதுகளில், மெல்போர்னுக்கு மேற்கே ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு அந்த வேலை. பணம் ஏற்றிப்போகும் வேன்களின் காவலாளிகள் தற்காப்புக்கு வைத்திருக்கும் கைத்துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா நல்லது என்று சுட்டுப் பார்த்துச் சொல்லவேண்டும்.

பாயாசப் பக்குவம்

மனித உடம்புக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியைத்தான் சுடுவோம். தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அச்சில் ஊற்றி, ஃபிரிட்ஜில் இறுகவைக்கவேண்டும். நானோ கோயம்புத்தூர்க்காரன், அடுப்பில் ஏற்றினால் தளதளவென்று கொதிக்கவேண்டும் என்பது என் கொள்கை. கொதிக்கவிட்டேன். கொதித்தால் ஜெலட்டின் வலுவிழந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் முதல் குண்டுக்கே கட்டி கூழாகி மேசையில் வழிந்தது. கூட வேலைபார்த்த யாழ்ப்பாணத்துச் சிவராசா அண்ணன் வாளியும் துணியுமாக வந்து சொன்னார்: "தம்பி, இது பாயாசமில்லை. கொதிச்சால் கதை முடிஞ்சுது."

சட்டை போடாத திருடன்

ஜூலை மாதம், அந்த ஊரில் நடுக்குளிர்காலம், ஒரு வேன் கம்பெனி முதலாளி இரண்டு வகைத் தோட்டாக்களை ஒப்பிடச் சொன்னார். ஒன்று, மூக்கில் குழியுள்ள புது வகை. உடம்புக்குள் போனதும் அந்தக் குழியால் விரிந்து உள்ளேயே நின்றுவிடும், ஆளைத் துளைத்துப்போய்ப் பின்னால் நிற்பவரைத் தாக்காது என்று விளம்பரம். இன்னொன்று, சாதாரணப் பெட்டியில் வந்த மெத்தென்ற ஈயக் குண்டு. வெறும் கட்டியில் புது வகை சொன்னபடியே அழகாக விரிந்து நின்றது. மேலதிகாரி ரான் அறிக்கையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிட்டார்.

கம்பளிக் கோட்டுக்குள் பல் கிட்டிக்க நின்றிருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இந்தக் குளிரில் எந்தத் திருடன் வெற்றுடம்போடு வருவான்? கட்டிக்கு ஒரு கோட்டு மாட்டிச் சுடலாமே" என்றேன். ரான் தட்டச்சை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை முதலாளி வருகிறார். அவர் முன்னாலேயே சுடுவோம். நீ சொல்வது தப்பென்றால் திங்கட்கிழமை வராதே, மேட்." அந்த ஊரில் வேலையைவிட்டுத் தூக்கும்போதும் 'மேட்', அதாவது நண்பா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

குழிக்குள் கம்பளி

வெள்ளிக்கிழமை சுடுவதற்குக் கோட்டு கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. எனக்கு இருந்த ஒரே கோட்டைக் கழற்றிக் கட்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன். ரான் புது வகையைச் சுட்டார். குண்டு கோட்டைத் துளைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்த இரண்டு கட்டிகளையும் கடந்து, பின்னாலிருந்த மணல் மூட்டையில் போய் நின்றது. மூன்று முறையும் அதே கதி. சிவராசா அண்ணன் தோண்டியெடுத்தார். குண்டு கொஞ்சமும் விரியவில்லை. மூக்குக் குழி முழுக்க என் கோட்டுக் கம்பளி அடைத்திருந்தது!

அடுத்து ஈயக் குண்டு. கோட்டைத் தாண்டியும் விரிந்து, முதல் கட்டிக்குள்ளேயே நின்றது, மூன்று முறையும். நான் சந்தோஷத்தில் வெட்கமில்லாமல் கத்தினேன். முதலாளி கம்பளி அடைத்த அந்தக் குண்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "என் ஆட்கள் நிற்பது கடைத்தெருவில். பின்னால் பிள்ளைகுட்டிகள் போவார்கள்" என்று சொல்லிவிட்டு ஈயத்தையே தேர்ந்தெடுத்தார். ரான் தன் அறிக்கையைக் கிழித்துப்போட்டார். "திங்கட்கிழமை சீக்கிரம் வா, மேட். புது அறிக்கையை நீதான் எழுதவேண்டும்."

மனைவியின் தீர்ப்பு

கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வேலை நிரந்தரமான கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மனைவி கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். "சுடறப்போ நீங்க இதுக்குள்ள இல்ல, அந்த மட்டும் புத்தி இருந்துதே!"

ஓட்டைகளைத் தைக்காமலே அந்தக் குளிர்காலம் முழுக்க அதையே மாட்டிக்கொண்டு திரிந்தேன்; காற்று உள்ளே புகுந்தபோதெல்லாம் குளிரைவிடக் கர்வம்தான் அதிகம் உறைத்தது.