ஒயர்கூட மாற்றாத ஆம்ப்ளிஃபயர்

கிடார் வாசித்துக்கொண்டே பாடும் என் மகளுக்கு ஆம்ப்ளிஃபயர் தேடினேன். பழைய மாடலையே புதிதாகச் செய்து தி.நகர் கடையில் விற்றார்கள். நகல் எதற்கு என்று, அடையாறில் ஒருவரிடம் ஐம்பது வருடத்து அசலையே வாங்கினேன். "ஒயர்கூட மாத்தல சார்" என்றார் பெருமையாக.

வீட்டில் கிடாரை அதில் செருகி, ஒரு கை கம்பியில் இருக்க, மறு கையால் அவள் பாடும் மைக்கைத் தொட்டேன். ஷாக் தூக்கி அடித்ததில் சுவரோரம் போய் விழுந்தேன்.

ராயப்பேட்டை மெக்கானிக் பாய் பிளக்கைப் பார்த்துப் பதறினார். "இன்னா சார், ரெண்டு பின்னுதான் கீது, எர்த்தே இல்ல! ஆம்ப் பாடில ஏறுன கரண்ட் கம்பிக்கு வந்துட்டுக்கீது; எர்த் கீற மைக்கத் தொட்டதும் உங்க வழியா பாஞ்சிருச்சு. மொதல்ல மாத்த வேண்டியது இந்த ஒயரத்தான்!"

எர்த்தோடு புது ஒயர் போட்டுக் கொடுத்தார். இப்போதெல்லாம் எந்தப் பழைய கருவியானாலும் பிளக்கைப் பார்த்த பிறகுதான் ஓசையைக் கேட்கிறேன்.

அன்று மகள் டியூஷனிலிருந்து வரத் தாமதமானதால்தான் நான் தொட்டுப் பார்த்தேன்.