பிரெஞ்சு கிராமத்துச் சாப்பாடும் நான் தலையாட்டிய ஒயினும்

கோபத்தோடு எழுதக் கூடாது என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கோபம் குறைந்தபாடில்லை, எழுதிவிடுகிறேன். ருவைஸ் பக்கம் இருந்துகொண்டு அபுதாபிக்கு ஒரு நாள் போய்வர நினைப்பவர்களுக்கு இது பயன்படலாம். ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பிழை இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் பங்குக் கோயிலில் பிரான்சிலுள்ள லூர்து மாதாவிடம் திருப்பயணத்துக்கு ஆள் சேர்த்தார்கள். என் மனைவி ரோஸ்லின் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அதற்குள் முழங்கால் அறுவை சிகிச்சை வந்தது. இனி அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லூர்தில் செபம் முடிந்ததும் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, ஒரு கிளாஸ் ஒயின் குடிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை அவள் சத்தமாகச் சொன்னதில்லை. மகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ஜனவரியில் தூத்துக்குடியிலிருந்து ருவைஸுக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மகள் நர்ஸ். மருமகன் அந்தோணி அங்கே எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன். “பிரான்ஸ்தான் இல்லன்னு ஆயிட்டு, பிரெஞ்சு கிராமத்துக்காவது போயிட்டு வாங்கம்மா” என்று சொல்லி, அபுதாபியில் ஓர் ஓட்டலுக்குள் பிரெஞ்சு கிராமம் போல அமைத்திருக்கும் உணவகத்தில் மகள் மேசை பிடித்துக் கொடுத்தாள். அவளுக்கு அன்று டியூட்டி. அந்தோணி கார் ஓட்டினார்.

தூரம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். நடுவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இறங்கி ரோஸ்லின் கொஞ்சம் நடந்தாள். கரக் என்கிற கெட்டிப் பால் டீ ஒன்று இரண்டு திர்ஹம், நன்றாகவே இருந்தது. பன்னிரண்டுக்கு ஓட்டல் வாசலில் நின்றோம். சாலையில் பார்க்க வேக கேமராக்களைத் தவிர வேறொன்றும் இல்லை. வயதானவர்களை அழைத்துப் போனால் பின் இருக்கைக்கு ஒரு தலையணை அவசியம்.

கிராமம் என்று அவர்கள் சொல்வது ஓட்டலின் உள்முற்றம். நீலச் சன்னல் கதவுகள், சுவரில் சாய்த்துவைத்த பழைய சைக்கிள், கட்டம் போட்ட மேசை விரிப்பு. யாரும் பார்க்காத நேரத்தில் கல்சுவரைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே காற்று. ரோஸ்லினுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. புதுச் சேலையில், சன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். மதியச் சாப்பாடு ஆளுக்கு 165 திர்ஹம்: வெங்காய சூப், ஒயினில் வேகவைத்த கோழி, ஒரு இனிப்பு.

ஒயின் தனி. மகள் முன்கூட்டியே சொல்லிவைத்த ‘இயற்கை ஒயின்’ ஒரு பாட்டில் 290. பரிமாற வந்த உயரமான இளைஞர் ஆங்கிலத்தில் விளக்கினார்: ரசாயனம் சேர்ப்பதில்லை, தானாகப் புளிக்க விடுவார்கள், வடிகட்ட மாட்டார்கள், அதனால் கலங்கலாக இருக்கும். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் ரோஸ்லின் சிரித்தாள்.

“இது நம்ம கிறிஸ்மஸ் ஒயினுங்க. நான் வருசா வருசம் ஜாடியில போடுறதுக்கு இவ்வளவு பேச்சா?”

காரோட்டுகிறவர் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. இங்கே சட்டம் அவ்வளவு கடுமை. அந்தோணி தண்ணீர் கேட்டார். எனவே அந்த இளைஞர் என் கிளாஸில் ஒரு விரற்கடை ஊற்றிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, தலைக்குமேல் நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. 290 திர்ஹத்துக்கு இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன். யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. குடித்தேன், “வெரி குட், தேங்க்யூ” என்றேன், தலையை ஆட்டினேன். வாழ்நாளெல்லாம் தணிக்கைத் துறையில் இருந்தவன் நான். படிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அவர் இரண்டு கிளாஸையும் நிரப்பிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் தொண்டையிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பி வந்தது. எனக்கு மட்டும்தானோ, காலை மாத்திரையின் வேலையோ என்று சந்தேகம். ரோஸ்லின் ஒரு வாய் குடித்தாள், சிறிது நேரம் அப்படியே இருந்தாள், கிளாஸைக் கீழே வைத்தாள்.

“என்னங்க, இது கெட்டுப்போச்சு. குடிக்கும்போது தெரியல. பொறவு தொண்டைக்குள்ள எலி செத்துக் கிடக்க மாதிரி இருக்கு. ஜாடியில ஒரு தடவ இப்படி ஆயி, அம்புட்டையும் கொட்டுனேனே.”

இளைஞரை அழைத்துச் சொன்னேன். அவர் பணிவாகச் சொன்னார்: “சார், நீங்கள் ருசி பார்த்து ஒப்புக்கொண்டீர்கள்.” அப்போதுதான் அந்த ஒரு விரற்கடையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

மேற்பார்வையாளர் வந்தார். சட்டை மடிப்புக் கலையாத, நாற்பது வயதுக்காரர். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார், சென்னைத் தமிழ்.

“சார், நேச்சுரல் ஒயின்னா அப்படித்தான் இருக்கும். நம்மாளுங்களுக்குப் பழக்கம் இல்ல. மேடத்துக்கு ஸ்வீட்டா ஒரு மாக்டெயில் குடுக்கட்டுமா?”

“தம்பி, நான் இனிப்பாவா கேட்டேன்?” என்றாள் ரோஸ்லின். அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தே பேசினார்.

“மாமா, விடுங்க, கலாஸ், போதும். நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அந்தோணி. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். “நீங்கதான தலைய ஆட்டுனிய. இப்பமும் ஆட்டிட்டு இருக்கப் போறியளா?”

அவர்கள் முறைப்படி நான் ஒப்புக்கொண்டது உண்மை. ஆனால் ஐந்து விநாடியில் ஒப்புக்கொள்ளச் சொல்லிவிட்டு, அரை நிமிடம் கழித்து வெளிப்படும் குறைக்கு என்னைப் பொறுப்பாக்குவது எந்த ஊர் நியாயம்? அவளுக்குத் தெரியாது என்று இவர் எதை வைத்து முடிவு செய்தார்? சேலையை வைத்தா?

“நீங்கள் குடித்துப் பாருங்கள்” என்றேன்.

“டியூட்டியில இருக்கேன் சார்.”

“ருசி பார்ப்பதும் உங்கள் டியூட்டிதானே. குடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இங்கேயே நில்லுங்கள்.”

புதுக் கிளாஸ் வரவழைத்து ஒரு வாய் குடித்தார். “நல்லாத்தான் இருக்கு சார்” என்று திரும்பினார். “நில்லுங்கள்” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நின்றார். பிறகு அவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பதைப் பார்த்தேன். மேசையிலிருந்த தண்ணீரை ஊற்றிக் குடித்தார், பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற சொல் அவரிடமிருந்து வரவில்லை. கோழி அதற்குள் ஆறி ஆடை கட்டியிருந்தது. அதைச் சூடாக்கித் தரவும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

அதே ஒயினில் வேறு பாட்டில் வந்தது. இளைஞர் மறுபடியும் என் கிளாஸை நோக்கிச் சாய்த்தார். நான் அதைக் கையால் மூடி, “அவங்களுக்கு ஊத்துங்க” என்றேன்.

ரோஸ்லின் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினாள். உதடு மெல்ல அசைந்தது. நேரத்தை அளக்க ‘அருள்நிறைந்த மரியே’ செபம் முழுவதையும் அவசரமில்லாமல் சொன்னாள் என்று பிறகு காரில்தான் தெரிந்தது. இளைஞர் பாட்டிலோடு நின்றார். சற்றுத் தள்ளி மேற்பார்வையாளரும் நின்றார். கண்ணைத் திறந்து, “இது நல்லா இருக்கு, ஊத்துங்க தம்பி” என்றாள். இரண்டு கிளாஸ் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். இந்தக் குறைக்கு ஒயின்காரர்கள் எலியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். குடித்துச் சிறிது நேரம் கழித்தே தெரியும் என்றும் எழுதியிருக்கிறார்கள். விற்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்வதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: குளிர்காலமாகப் பாருங்கள், மேசையை முன்பே சொல்லிவையுங்கள், ஓட்டுநர் குடிக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் ஊற்றுவது மரியாதைக்காக அல்ல, பரிசோதனைக்காக. உங்கள் மேசையில் யாருக்கு ருசி தெரியுமோ, அவருக்கு ஊற்றச் சொல்லுங்கள். விழுங்கிய பிறகு பொறுத்திருங்கள். ஊற்றுகிறவர் தலைக்குமேல் நின்றால் நிற்கட்டும்.