பட்டிப்பூக் கசாயம்

சண்டிலிப்பாயில் எங்கள் வேலியோரம் பட்டிப்பூ, அதுதான் நித்தியகல்யாணி, நட்டவர் அம்மா. என் தகப்பன், ஐயா, புகையிலைத் தோட்டம் செய்கிறவர். தண்ணீர் கேட்காத செடியை அவர் செடியாகவே மதிப்பதில்லை. "ஆடும் வாய் வையாத பூண்டு" என்பார்.

சண்டையில் பாதை மூடி மண்ணெண்ணெய் வராமல் போனதோடு எங்கள் தண்ணீர் இறைக்கும் மெசினும் நின்றது. புகையிலை முழங்கால் உயரத்திலேயே கருகியது. வேலியோரம் மட்டும் ரோசாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது.

ஐயாவுக்குச் சலரோகம். அதற்கு அவர் போடும் குளிசை பட்டினத்து மருந்துக்கடைகளிலேயே இல்லை. பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்தால் இரத்தத்தில் சீனி இறங்கும் என்று யாரோ அம்மாவுக்குச் சொன்னார்கள்.

"உந்தக் கசாயத்தை நான் குடிக்கிறதோ?"

"கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கோ."

குடித்தார். கசப்பில் முகம் கோணிப்போயிற்று.

பிறகு இலை போதவில்லை. ஐயாவே செடிகளைப் பார்க்கத் தொடங்கினார். நெற்று வெடிக்குமுன் பறித்து, கறுத்த விதைகளை மணலில் தூவினார். நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளை விட வைத்தார். ஒருநாள் நான் வாளி நிறையத் தண்ணீர் ஊற்ற, ஓடிவந்து தடுத்தார்.

"வேர் அழுகிப்போடும் பிள்ளை. உதைக் காயவிடு."

செடிகளுக்குள் வெறுங்காலோடு நின்றபோதுதான் ஐயாவின் பாதத்தில் முள் ஏறியிருக்க வேண்டும். சலரோகத்தில் கால் மரத்து நோ தெரியாததால் அவர் கவனிக்கவில்லை. புண் அழுகி மணம் வந்த பிறகே அம்மா பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். என்ன மருந்து குடித்தவர் என்று டொக்டர் கேட்க, அம்மா தலையைக் குனிந்து சொன்னார். டொக்டர் ஏசவில்லை. காலை எடுக்க வேண்டும் என்றார். மயக்க மருந்து முடிந்துவிட்டது, வரும்வரை காத்திருக்கச் சொன்னார். அது வருமுன் நஞ்சு இரத்தத்தில் ஏறி ஐயா செத்துப்போனார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஒரு பெண் சலரோகம் பிடித்த தன் புருசனுக்கு இலை கேட்டு வந்தாள். எனக்கு அவளைத் துரத்த வேண்டும் போலிருந்தது.

"மனுசன்ரை காலைப் பாத்தனீரோ?" என்று அம்மா கேட்டார்.

"கால் நல்லாத்தான் கிடக்கு, அக்கா."

"ஒவ்வொரு நாளும் பாரும். விரலிடுக்கெல்லாம் விரிச்சுப் பாரும்."

சொல்லிக்கொண்டே அம்மா இலைகளைப் பறித்து அவள் மடியில் போட்டார்.

அவள் போனதும், "ஏன் குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது பிள்ளை."

அந்த மனிதர் பிழைத்தாரா என்று தெரியாது. மழைக்கு முன்னரே அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சண்டைக்குப் பயந்து வன்னிக்குப் போய்விட்டார்கள்.