ஞாயிற்றுக்கிழமைத் தட்டி

பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலையாக இருந்தபோது என் மனைவிக்குக் காமாலை முற்றி, மலமும் கட்டிக்கொண்டது. "தினமும் வெளிய போகணும், இல்லன்னா விஷம் தலைக்கேறி புத்தி தடுமாறும்" என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் இசப்கோல் விதை கொடுத்தார். ஊறவைத்துக் கொடுத்தேன்.

"குடிச்சியா?"

"குடிச்சேங்க."

ஒருநாள் கேட்டாள்: "லயத்து வீட்டுக்குப் பின்னால ஓலைத் தட்டி வச்சு மறைச்சுக் குடுங்களேன். விடிஞ்சப்புறம் பொம்பள எங்க போறது?"

"ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றேன். மூன்று ஞாயிறு போயிற்று.

பிறகு என்னையே யாரென்று கேட்டாள். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டினேன். அடியில் பலகைத் தரையின் இடுக்கெல்லாம் ஊறிய விதை. பகலில் வெளியே போக வெட்கப்பட்டு, மருந்தைக் கொட்டியிருக்கிறாள்.

கருமாதிக்கு வரும் பெண்களுக்காகத் தட்டி கட்டினேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.