பதினோரு ரிப்போர்ட் புத்தகம்

சுகுமாரன் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் போனது நான்கே வருடம். மகள் ஷர்மினி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, ரிப்போர்ட் புத்தகத்தில் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பழைய காலண்டர் தாளில் எழுதி எழுதிப் பழகினார். ஆறு வகுப்பு, அதற்கு மேல் ஐந்தாம் படிவம் வரை ஐந்து வருடம், ஆக பதினோரு புத்தகம். அத்தனையிலும் அந்தக் கையெழுத்து.

அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, தீவில் மகள் படிக்கும் கல்லூரியின் ஆபீசுக்கு வந்திருந்தார். தீபாவளிக்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஐந்து மாதம். போன் போட்டால் "கிளாஸ்ல இருக்கேன்பா" என்பாள், அதோடு சரி. பிள்ளை வகுப்புக்குப் போகிறாளா, எப்படிப் படிக்கிறாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவருக்கு.

கவுண்டரில் சுஹானா என்ற பெண் இருந்தாள்.

"ஷர்மினி ரிசல்ட் வேணும்மா! போன தடவ கணக்குல ஃபெயிலாயிட்டா!" பஸ்ஸில் ஆள் கூப்பிடுகிற குரல்.

"மெல்ல பேசுங்கண்ணே, பின்னால பிள்ளைங்க நிக்கிறாங்க. பிள்ளைக்குப் பதினெட்டு வயசு தாண்டிருச்சுல்ல, அது சம்மதிக்காம யாருக்கும் காட்ட முடியாது."

"யாருக்குமா? நான் அப்பன்லா!" பையைக் கவிழ்த்தார். "பாரு, எல்லாம் நான் போட்ட சைன்தான்."

சுஹானா இரண்டு புத்தகத்தைப் புரட்டிச் சிரித்தாள். "அப்பான்னு நம்புறேண்ணே. ஆனா இப்ப சைன் போட வேண்டியது நீங்க இல்ல, பிள்ள." ஒரு ஃபாரத்தை நீட்டினாள். மதிப்பெண், வருகை, ஒழுங்கு, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று நான்கு கட்டம். "வீட்டுக்கு எதைத் தெரிவிக்கலாம்னு அதுவே நிரப்பித் தரணும்."

திரும்பினார். வரிசையில் நின்ற பெண்கள் அவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்படித்தான் ஷர்மினியும் குனிந்தாள், தீபாவளியன்று கெப்பாலா பத்தாஸில் இருக்கும் அத்தை வீட்டில். நல்ல மார்க் வாங்கிய காலத்தில் சொந்தக்காரர் முன்னால் படித்துக் காட்டிய அதே பழக்கத்தில், அவள் ஃபெயிலான பாடத்தையும் இவர் சத்தமாகப் படித்துவிட்டார். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவள்தான்.

ஃபாரத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினார். எழுத வரவில்லை. போனை வாய்க்கருகில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்: "அம்மாடி, உனக்கு இஷ்டம்னா போடு. இனிமே யாருக்கும் படிச்சுக் காட்ட மாட்டேன்."

ஃபெர்ரி பாதிக் கடலில் இருந்தபோது பதில் வந்தது. அதே படம்தான், போனிலேயே விரலால் நிரப்பியிருந்தாள். மதிப்பெண், வருகை, ஒழுங்கு, மூன்றிலும் குறுக்குக்கோடு. நான்காவதில், "அப்பா", அவருடைய நம்பர். கீழே அவள் கையெழுத்து. அதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். படகு கரையில் தட்டியது.

"அண்ணே, நகருங்கலா! வீட்டுக்குப் போக வேணாமா?" என்றான் பின்னால் மோட்டார் சைக்கிளோடு நின்றவன்.