மூடுவது வியாழக்கிழமைப் பாடு

பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் இரண்டு நாள் போட் இன்ஜின் ரிப்பேர் கோர்ஸ் நடத்த, பொன்னேரியில் இருந்த எங்கள் தனியார் பயிற்சி மையம் என்னை அனுப்பியது. புதன்கிழமை இன்ஜினைக் கழற்றக் கற்றுக் கொடுத்தேன். வியாழக்கிழமை போனால் பெஞ்சு நிறைய ஆள், ஆனால் ஒரு முகமும் நேற்றைய முகமில்லை.

"நேத்து வந்தவங்க எங்கய்யா?"

ஊர்த்தலைவர் தேசப்பன் சொன்னார்: "நேத்து அவங்க பாடு சார். இன்னிக்கு எங்க பாடு."

ஏரியில் மீன் கிடைக்கும் இடத்தில் யார் என்றைக்கு வலை விடுவது என்று அங்கே முறை வைத்திருப்பார்கள். அதன் பெயர் பாடு. கோர்ஸையும் அப்படியே பிரித்துவிட்டார்கள்! எனக்குத் தலை சுற்றியது. மைய முதலாளிக்குப் போன் போட்டேன்.

"சீட் நெறைஞ்சிருக்கா? அப்புறம் இன்னா? நடத்துய்யா" என்று வைத்துவிட்டார். வந்தவர்களுக்கு, கழற்றியதை மாட்டி மூடுவதைக் கற்றுக் கொடுத்தேன்.

பரீட்சை வைக்க அசெஸ்ஸர் மேடம் வந்தார். அவர் திருப்தியாகப் போகாவிட்டால் மையத்துக்குப் பூட்டு, எனக்கு வேலை காலி. பழவேற்காட்டிலிருந்து எங்களைப் படகில் ஏற்றி வந்தவன் புதன்கிழமை வகுப்புக்கு வந்த ஏழுமலை. நடு ஏரியில் இன்ஜின் நின்றது.

மேடம் உற்சாகமாகிவிட்டார். "உங்க ஸ்டூடண்ட்தானே? சரி பண்ணட்டும். இதுதான் டெஸ்ட்."

ஏழுமலை கழற்றிய அழகைப் பார்க்க வேண்டுமே! பிளக்கைத் துடைத்து வைத்தான். "சூப்பர்" என்றார் மேடம். அப்பாடா, பிழைத்தேன் என்று நினைத்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"மூடுடா!"

"மூடறது வியாழக்கிழமைப் பாடு சார்."

நானே ஸ்பேனரை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் சார். அடுத்தவன் பாட்டுல கை வெச்சா ஊர்ல அபராதம் போடுவாங்க."

உச்சி வெயில். மேடம் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஏழுமலை போன் போட்டான். வியாழக்கிழமைக்காரன் ஒருவன் துடுப்பு வலித்து வந்து சேர்ந்து, மூடினான். ஒரே இழுப்பில் இன்ஜின் கிளம்பியது.

"இதுல யாருக்குன்னு நான் பாஸ் போடறது?" என்றார் மேடம்.

"ஊருக்குப் போடுங்கம்மா" என்றான் ஏழுமலை.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாருக்கும் முழுசா மறுபடி நடத்துங்க. அப்புறம் வர்றேன். கரையிலயே டெஸ்ட் வெச்சுக்கலாம்" என்றார். வேலை தப்பியது.

இப்போது எந்த ஊரில் கோர்ஸ் தொடங்கினாலும், முதல் நாள் மூடுவதைத்தான் கற்றுக் கொடுக்கிறேன். கழற்ற யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.