புத்தகத்தில் இல்லாத அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை, கஞ்சி போட்டுக் காயவைத்த பருத்திச் சேலை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் என் மகள் கைபேசியில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பழைய ஆங்கில நாவலை மறுபடியும் தொடராக எடுத்திருக்கிறார்களாம். கதாநாயகனுக்கு முகம் சரியில்லையாம். கதாநாயகியின் கவுன் நிறம் அந்தக் காலத்திலேயே கிடையாதாம். மழையில் நடக்க வேண்டிய பேச்சை வீட்டுக்குள் வைத்துக் கெடுத்துவிட்டார்களாம். "புக்ல இப்படி இல்லவே இல்ல!" என்று அவள் ஓங்கிச் சொன்ன நேரத்தில் சூடான கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாசனையும் அந்த வாக்கியமும் சேர்ந்தே இருந்த வீடு ஒன்று தூத்துக்குடியில் இருந்தது.

விளாத்திகுளத்துக் கரிசல் காட்டிலிருந்து, தட்டச்சு மட்டும் ஒழுங்காகத் தெரிந்துகொண்டு, துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாதா கோயிலுக்குப் பின்தெருவில் மாடி அறை கிடைத்தது. கீழே அக்காவும் தங்கையும். தங்கை ஸ்டெல்லா டீச்சர், மேல்வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவர். கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை சென்ட் பாட்டில்களோடு வந்து போவார். அக்கா பிலோமி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தங்கையைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, கட்டியும் கொடுத்தவர் அவர்தான். கோயிலில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு தைப்பார். கஞ்சி போட்டு விறைத்த உடுப்புகள் புதுநன்மை மாதங்களில் கூடத்துக் கொடியில் வரிசையாகத் தொங்கும். இருட்டில் பார்த்தால் நாலைந்து சம்மனசுகள், அதான் தேவதூதர்கள், வந்து காத்திருப்பது போலிருக்கும். முதல் வாரம் நான் பயந்தே போனேன்.

அந்தக் கூடத்தில்தான் கப்பல்காரர் வாங்கிவந்த டிவி, அக்கா தைத்த பூவேலை உறையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மெட்ராஸ் நிலையம் எங்களுக்கு எட்டாத காலம். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து சிலோன் டிவி மட்டும் கேட்காமலே வந்து நிற்கும். அதைப் பிடிக்கத் தெருவில் பாதி வீடுகளில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா குழாய்கள். எங்கள் வீட்டுக் குழாய் என் அறை வாசலில் இருந்ததால், அதைத் திருப்பும் உத்தியோகம் வாடகையோடு சேர்ந்து என் தலையில் விழுந்தது. "ஏளா, இன்னுங் கொஞ்சம்! ஆ, வந்துட்டு… ஐயோ, போச்சு!" என்று கீழேயிருந்து குரல் வரும். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அலுவலகத்தில் இவ்வளவு பொறுப்பாக நான் நடந்துகொண்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஓர் ஆங்கிலத் தொடர் வரத் தொடங்கியது. நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்குப் பிடித்த நடிகரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள். சொத்தில்லாத வீட்டுப் பெண் ஒருத்தி, பணக்காரன் ஒருவனோடு முட்டி மோதி, கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிற கதை. எங்கள் தெருவுக்கு அது மனப்பாடம். காரணம், நான்-டீடெயில். பெரிய நாவலைப் பிழிந்து, கதையை மட்டும் மெல்லிய புத்தகமாகப் போட்டுப் பரீட்சைக்கு வைப்பார்களே, அது. டீச்சர் ஊரில் பாதிப் பேருக்கு அதை நடத்தியிருந்தார். எனவே தொடர் ஓடும்போது கூடத்தில் இருந்தவர்கள் வெறும் பார்வையாளர்கள் இல்லை, விடைத்தாள் திருத்துகிறவர்கள். எதிர்வீட்டு அந்தோணி அண்ணாச்சி, துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதுகிறவர், காட்சிக்குக் காட்சி திரும்பி, "டீச்சர், இது புஸ்தகத்துல உண்டா?" என்பார். மடியில் நான்-டீடெயிலோடு உட்கார்ந்திருக்கும் டீச்சர், "உண்டு" என்றால் எல்லோரும் நிம்மதியாகப் பார்ப்பார்கள்.

இரண்டாவது வாரம் கதாநாயகிக்கு ஓர் அக்கா வந்தாள். நீள முகம், மெலிந்த விரல்கள். விளக்கைத் துடைப்பாள், தைப்பாள், தங்கையின் பழைய கவுனைப் பிரித்துப் புதிதாக்குவாள். வாசலில் ஒருவர் பூங்கொத்தோடு தயங்கி நிற்க, இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பவும் ஊசியை எடுப்பாள். யாராவது பாராட்டினால், கையிலிருந்த துணியைக் கண்ணுக்கு இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொள்வாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிலோமி அக்கா அச்சாக அப்படித்தான் செய்வார். திரும்பிப் பார்த்தேன். அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை அதுவரை இல்லாத அதிசயமாக, வேலையெல்லாம் முடித்து, முகம் கழுவி, முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அந்தோணி அண்ணாச்சி கேட்டார்: "இவ யாரு டீச்சர்? புஸ்தகத்துல உண்டா?"

"கெடையவே கெடையாது. டிவிக்காரன் சொந்தச் சரக்கு."

அவ்வளவுதான், தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. அவள் வரும் காட்சிகளில் ஆட்கள் தண்ணீர் குடிக்க எழுந்தார்கள். மூன்று நாலு வாரம் இப்படிப் போன பிறகு டீச்சர் ஒருநாள், "இந்த மூத்தவள எடுத்துட்டா கதைக்கு ஒண்ணுங் கொறையாது" என்றார். படம் ஓடும்போது வாயே திறக்காத பிலோமி அக்கா அன்றைக்குக் கேட்டார்:

"அப்ப இந்தப் பிள்ளைய யாரு வளத்தா?"

"எக்கா, புத்தகத்துல அவளே கெடையாது. இவ தானா வளந்துக்கிட்டா."

டீச்சர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கதையைப் பற்றித்தான் சொன்னார். கண்கூடத் திரையில்தான் இருந்தது. பிலோமி அக்கா எழுந்து, காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அடுக்களைக்குப் பக்கத்து அறையிலிருந்து தையல் மிஷின் சத்தம் கேட்கும். கடைசி வாரம் நான் போய்க் கூப்பிட்டேன். "நீ போய்ப் பாரு பிள்ள, எனக்கு உடுப்பு கொடுக்கணும்" என்றார். அது புதுநன்மைக் காலமே இல்லை.

பிறகு எனக்குக் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். பல வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையொன்றில் அந்த நாவல் முழுசாகக் கிடைத்தது, தலையணை கனத்தில். நின்றவாக்கில் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே விளக்கோடு கதவைத் திறந்தவள் அந்த அக்காதான். அத்தியாயம் அத்தியாயமாக இருந்தாள். நான்-டீடெயிலுக்காகக் கதையைச் சுருக்கிய புண்ணியவான்தான் அவளைச் சுத்தமாக வெட்டியிருக்கிறார். டிவிக்காரன் பாவம், யோக்கியன்.

மறுவாரமே தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன். டீச்சர் ஓய்வு பெற்றிருந்தார். பிலோமி அக்காவுக்குக் கண்ணில் புரை, மிஷினுக்கு ஓய்வு. புத்தகத்தை வாங்கிப் புரட்டப் புரட்ட டீச்சரின் முகம் வெளிறியது. "எத்தன பிள்ளைகளுக்கு நடத்துனேன்ளா. முழுசா ஒரு தடவ தேடிப் பாக்கணும்னு தோணலியே" என்றார். பிறகு அக்காவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு, மூத்தவள் வரும் பக்கங்களையெல்லாம் அங்கேயே தமிழாக்கிச் சொல்லத் தொடங்கினார். மத்தியானம் போய்ச் சாயங்காலமும் ஆனது. பாடம் நடத்துகிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல் போலத்தான் எனக்குப் பட்டது.

பிலோமி அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "என்னளா இவ, பக்கத்துக்குப் பக்கம் அழுதுக்கிட்டே கெடக்கா?" என்றார். உண்மைதான். புத்தகத்து அக்கா தன் தியாகத்தைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துகிறவள். "வந்தவன அனுப்பிட்டு அழுதாளாம், தங்கச்சிக்குத் தச்சிட்டு அழுதாளாம். அப்படியெல்லாம் யாரும் அழமாட்டாவ. அந்த டிவிக்காரி அழவே இல்லியே. வேலையப் பாத்தா. அவதான் சரி."

நான் டீச்சரைப் பார்த்தேன். புத்தகத்துக்காக ஒரு தெருவையே அடக்கி உட்கார்த்தி வைத்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தை மூடிக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா. புத்தகந்தான் தப்பு" என்றார். பிலோமி அக்கா, "சரி, சரி. போய் இந்தப் பிள்ளைக்கு டீயப் போடு" என்றார்.

பிலோமி அக்கா இப்போது இல்லை. டீச்சர் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் வந்துவிட்டது. கிழக்கே பார்த்து நின்ற ஆன்டெனா குழாய்கள் எல்லாத் தெருக்களிலும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் இதையெல்லாம் சொல்லி, அந்தப் பழைய தொடரைத் தேடித் தரக் கேட்டேன். அதே நாவலை வேறு வேறு காலத்தில் எடுத்த தொடர்கள் வந்தன. எல்லாவற்றையும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், அந்த நீள முகத்துக்காரி எதிலும் இல்லை. எங்கள் தொடரின் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. "பிலோமி அக்கா எப்படிம்மா இருப்பாங்க?" என்று மகள் கேட்டாள். என்னிடம் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. எடுக்க வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவார். இவர்தான் என்று கைகாட்ட எனக்கு இருந்தது அந்த நடிகை ஒருத்திதான்.